பவர் சென்சார் காலிப்ரேஷன்: வெளியே அனுப்புவதா, ரெஃபரன்ஸ் வாங்கி உள்ளேயே செய்வதா?

ஆர்எஃப் (ரேடியோ அதிர்வெண்) சோதனைக்கூடத்தில், சிக்னலின் ஆற்றலை அளக்கும் பவர் சென்சார்களின் எண்ணிக்கை பத்தைத் தொட்டதும் கணக்குப் பிரிவிலிருந்து ஒரு கேள்வி வரும்: "வருஷா வருஷம் இத்தனையையும் காலிப்ரேஷனுக்கு வெளியே அனுப்புகிறோமே, ஒப்பிட ஒரு ரெஃபரன்ஸ் ஸ்டாண்டர்ட் வாங்கி வைத்துக்கொண்டு நாமே செய்தால் என்ன?" நியாயமான கேள்விதான். ஆனால் கேட்ட மறுநிமிடமே பேச்சு கேட்டலாக் பக்கம் போய்விடுகிறது. வெப்பத்தால் அளக்கும் சென்சார்களில் தெர்மிஸ்டரா, தெர்மோகப்பிளா, எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று. என்னைக் கேட்டால் அது இந்த முடிவில் கடைசியாகப் பேச வேண்டிய விஷயம். முதலில் பேச வேண்டியது மிஸ்மேட்ச், அதாவது இணைக்கும் இடத்தில் பொருத்தம் சரியில்லாமல் ஆற்றலில் ஒரு பங்கு திரும்பிப் போவதால் வரும் பிழை. ஏன் என்பதற்குக் கணக்கு இருக்கிறது, கீழே தருகிறேன்.

பெரும்பாலான கூடங்களில் இருப்பதையே எடுத்துக்கொள்வோம்: என் (N) டைப் கனெக்டர், 10 மெகாஹெர்ட்ஸ் முதல் 18 கிகாஹெர்ட்ஸ் வரை, ஒரு மில்லிவாட் அக்கம்பக்கத்தில் அளவீடு. வேவ்கைடு, 50 கிகாஹெர்ட்ஸ், நூறு வாட் என்று போகிறவர்களின் கவலைகள் வேறு.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பழைய பவர் மீட்டர்களின் முகப்பில் 50 மெகாஹெர்ட்ஸில் ஒரு மில்லிவாட் தரும் ரெஃபரன்ஸ் வெளியீடு இருக்கும். சென்சாரை அதில் மாட்டி, 'கால்' பொத்தானை அழுத்தி, ஒரு மில்லிவாட் காட்டினால் சென்சார் சரியாக இருக்கிறது என்று நினைப்பவர்கள் இன்னும் உண்டு. அந்தப் பொத்தான் செய்வது ஒரே அதிர்வெண்ணில், ஒரே அளவில், மீட்டரையும் சென்சாரையும் ஒத்துப்போக வைப்பது மட்டும்தான். 12 கிகாஹெர்ட்ஸில் அந்தச் சென்சார் என்ன சொல்கிறது என்பது, எச்பி 8481ஏ போன்றவற்றில் உடம்பிலேயே ஒட்டியிருக்கும் கால் ஃபேக்டர் (அதிர்வெண்வாரித் திருத்த எண்) அட்டவணையில் இருக்கிறது. பிந்தைய சென்சார்களில் உள்ளே இருக்கும் நினைவகத்தில் இருக்கிறது. அந்த அட்டவணை பழசாகிப் போயிருந்தால் 50 மெகாஹெர்ட்ஸ் பொத்தானுக்கு அது தெரியவே தெரியாது. அந்த ஒரு மில்லிவாட்டும் அப்படியொன்றும் சத்தியவாக்கு இல்லை. 436ஏ, 438ஏ மீட்டர்களில் அதற்குத் தரப்பட்ட உத்தரவாதம், ஒரு வருடத்துக்கு, மோசமான நிலையில் 1.2 சதவீதம்.

ஆக, நாம் காலிப்ரேஷன் என்று சொல்வது ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் கால் ஃபேக்டரைப் புதிதாகக் கண்டுபிடிப்பதை. சென்சாரை நோக்கி வரும் ஆற்றலில் ஒரு பங்கு திரும்பிப் போகிறது, உள்ளே நுழைந்ததிலும் ஒரு பங்கு கனெக்டர் சுவரிலும் பிற இடங்களிலும் வெப்பமாகிவிடுகிறது. இரண்டு இழப்பும் போக, சென்சார் உண்மையில் எதைக் கணக்கில் காட்டுகிறதோ அந்த விகிதம்தான் கால் ஃபேக்டர். இதை மூலத்திலேயே அளப்பது மைக்ரோகலோரிமீட்டர். சென்சாரையே வெப்பக் காப்புக்குள் வைத்து, ஆர்எஃப் கொடுக்கும்போதும் டிசி கொடுக்கும்போதும் எழும் வெப்பத்தை ஒப்பிட்டு, கண்ணில் படாமல் தொலையும் பங்கைப் பிடிக்கும் ஏற்பாடு. ஒவ்வொரு புள்ளியிலும் வெப்பம் நிலைகொள்ளவே வெகுநேரம் பிடிக்கும். அதனால் அது நாட்டுக்கு ஒன்று என்ற வகையில் தேசிய ஆய்வகங்களில்தான் இருக்கும். இந்தியாவில் இந்தக் காலிப்ரேஷன் சங்கிலியின் தலைமுனை புது தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகம். அதன் முதல் இயக்குநர் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன். ஆய்வகத்தின் முகவரியில் வரும் சாலைக்கும் அவர் பெயர்தான்.

கணக்கைப் பார்ப்போம்

உள்ளேயே செய்வதென்றால் வழக்கமான முறை இது. சிக்னல் ஜெனரேட்டரிலிருந்து, சிக்னலை இரண்டாகப் பிரிக்கும் ஒரு ஸ்ப்ளிட்டர். அதன் ஒரு கையில் கண்காணிப்புச் சென்சார். இன்னொரு கையில் முதலில் ரெஃபரன்ஸ், அப்புறம் காலிப்ரேட் செய்ய வேண்டிய சென்சார். இரண்டு முறையும் கிடைத்த விகிதங்களை ஒப்பிட்டால் கால் ஃபேக்டர் வந்துவிடும். ஜெனரேட்டர் இடையில் கொஞ்சம் நகர்ந்தாலும் கண்காணிப்புச் சென்சார் அதைச் சமன்செய்துவிடும்.

உதாரணத்துக்குச் சில எண்கள் வைத்துக்கொள்ளலாம். ரெஃபரன்ஸின் சான்றிதழ் நிச்சயமின்மை (மதிப்பு எவ்வளவு விலகியிருக்கலாம் என்ற அளவு) 1 சதவீதம், கே = 2, அதாவது திட்ட நிச்சயமின்மையை இரட்டித்துச் சொன்னது; ஆக, திட்ட நிச்சயமின்மை 0.5. பிரதிபலிப்புக் கெழு என்பது வரும் அலையில் எவ்வளவு திரும்புகிறது என்ற விகிதம்: ஸ்ப்ளிட்டரின் சமான மூலப் பிரதிபலிப்புக் கெழு 0.1, ரெஃபரன்ஸினுடையது 0.05, காலிப்ரேட் ஆகும் சென்சாரினுடையது 0.1. மிஸ்மேட்ச் எல்லை என்பது இரண்டு கெழுக்களின் பெருக்கற்பலனை இரண்டால் பெருக்கினால் வருவது. ரெஃபரன்ஸ் பக்கம் 1 சதவீதம், சென்சார் பக்கம் 2 சதவீதம். மிஸ்மேட்ச் பிழையின் பரவல் யூ வடிவம் என்பதால் இரண்டின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும்: 0.71, 1.41. கனெக்டரைக் கழற்றி மாட்டுவதில் வரும் வேறுபாட்டுக்கு 0.2, மீட்டருக்கு 0.2. எல்லாவற்றையும் வர்க்கித்துக் கூட்டி மூலம் எடுத்து இரட்டித்தால் கிடைப்பது ஏறக்குறைய 3.4 சதவீதம்.

இப்போது பணத்தை அள்ளிக் கொட்டி ரெஃபரன்ஸை இரண்டு மடங்கு நல்லதாக, 0.5 சதவீதமாக, மாற்றிவிட்டோம் என்று வையுங்கள். 3.4 என்பது 3.3 ஆகும். அவ்வளவுதான்.

பழைய ரெஃபரன்ஸையே வைத்துக்கொண்டு, மூன்று பிரதிபலிப்புக் கெழுக்களையும் வீச்சும் கட்டமும் (ஃபேஸ்) சேர்த்து, பிரதிபலிப்பை அளக்கும் நெட்வொர்க் அனலைசரில் அளந்து திருத்தம் போட்டால்? மிஸ்மேட்ச் பிழையில் ஐந்தில் ஒரு பங்குதான் மிச்சம் என்று எடுத்துக்கொண்டாலும் மொத்தம் 1.3 சதவீதத்துக்கு இறங்கிவிடும்.

உள்ளேயே செய்யலாமா கூடாதா என்பதை முதலில் தீர்மானிப்பது உங்களிடம் 18 கிகாஹெர்ட்ஸ் வரை நல்ல நெட்வொர்க் அனலைசரும், அதற்கான என் டைப் காலிப்ரேஷன் கிட்டும், அதை ஒழுங்காக இயக்கத் தெரிந்த ஆளும் இருக்கிறார்களா என்பதே. இல்லையென்றால் எந்த ஸ்டாண்டர்ட் வாங்கினாலும் பாதிப் பணம் வீண். ஸ்ப்ளிட்டருக்கு முன்னால் எவ்வளவு அட்டெனுவேட்டர் (சிக்னலைக் குறைக்கும் துண்டு) போட்டாலும் மிஸ்மேட்ச் பிரச்சினை தீராது. ஸ்ப்ளிட்டர் இல்லாமல் நேரடியாக மாற்றி மாட்டும் எளிய முறையில் மட்டும், ஜெனரேட்டரின் வாயில் நல்ல 10 டெசிபல் அட்டெனுவேட்டர் போடுவது மலிவான, பலன் தரும் வேலை.

ஸ்ப்ளிட்டர் என்றதும் ஒரு எச்சரிக்கை. இதற்கு வேண்டியது இரண்டு மின்தடை கொண்டது. எச்பி 11667ஏ அந்த வகை, 18 கிகாஹெர்ட்ஸ் வரை. மூன்று மின்தடை கொண்ட டிவைடரை வாங்கி மாட்டினால் கண்காணிப்புச் சென்சார் தன் வேலையைச் செய்யாது. இரண்டு மின்தடை ஸ்ப்ளிட்டரின் வெளியீட்டு வாயை அனலைசரில் நேரடியாகப் பார்த்தால் 83 ஓம் அளவுக்குக் காட்டும், பிரதிபலிப்பு 0.25. பார்த்துப் பதற வேண்டாம், பழுது என்று திருப்பி அனுப்பவும் வேண்டாம். அதை விகித அளவீட்டில் பயன்படுத்தும்போது செயல்படும் மூலப் பொருத்தம் வேறு. மூன்று வாய்களின் எஸ் அளவுருக்களையும் (வாய்களுக்கிடையே அலை எவ்வளவு கடக்கிறது, எவ்வளவு திரும்புகிறது என்ற எண்கள்) அளந்து, வெளியீட்டு வாயின் சொந்தப் பிரதிபலிப்பிலிருந்து மற்றவற்றால் வரும் உறுப்பைக் கழித்துத்தான் அதைக் கண்டுபிடிக்க முடியும். இந்தக் கணக்கு விரிதாளில் ஒருமுறை சரியாக ஏறிவிட்டால் பிறகு தலைவலி இல்லை.

எந்த ரெஃபரன்ஸ்

சரி, அனலைசர் இருக்கிறது, ஆளும் இருக்கிறார். இப்போது கேட்டலாக்கைத் திறக்கலாம்.

தெர்மிஸ்டர் (சூட்டில் மின்தடை மாறும் உறுப்பு) மவுண்ட் பரம்பரையான தேர்வு. எச்பி 478ஏ 10 கிகாஹெர்ட்ஸ் வரை, 8478பி 18 கிகாஹெர்ட்ஸ் வரை. கூடவே 432ஏ மீட்டர், அல்லது அதற்குப் பின் வந்த கீசைட் என்432ஏ. தெர்மிஸ்டரை ஒரு பிரிட்ஜ் மின்சுற்று எப்போதும் ஒரே மின்தடையில் பிடித்து வைத்திருக்கும். ஆர்எஃப் உள்ளே வந்து சூடேற்றினால் பிரிட்ஜ் அந்த அளவுக்கு டிசியைக் குறைத்துக்கொள்ளும். குறைந்த டிசிதான் உள்ளே வந்த ஆர்எஃப். அதனால் அளவீடு வோல்ட்டிலும் ஓமிலும் போய் நிற்கிறது. நல்ல டிஜிட்டல் வோல்ட்மீட்டர் இருந்தால் போதும், நேர்கோட்டுத்தன்மை (ஆற்றல் கூடக்கூட அளவும் அதே விகிதத்தில் கூடுவது) பற்றிக் கவலையே வேண்டாம். தேசிய ஆய்வகங்கள் இதை விரும்பி வைத்திருப்பதற்குக் காரணம் அதுதான்.

ஆனால் தினசரி வேலைக்கு இது பிடிவாதக் குழந்தை. சூடாகி நிலைகொள்ளக் காத்திருக்க வேண்டும். கையால் பிடித்தால் கையின் சூட்டுக்கே பூச்சியம் நகரும். அளக்கும் நெடுக்கம் 10 மைக்ரோவாட் முதல் 10 மில்லிவாட் வரைதான். 478ஏ தாங்கும் சராசரி உச்சம் 30 மில்லிவாட். யாரோ ஒருவர் ஜெனரேட்டரை 20 டிபிஎம்மில் (ஒரு மில்லிவாட்டுக்கு மேல் 20 டெசிபல்) விட்டுவிட்டுப் போனால், அதாவது 100 மில்லிவாட், கதை முடிந்தது. கூடத்தில் நான்கு பேர் கைமாற்றிப் பயன்படுத்தும் மேசையில் இதை வைக்க நான் சொல்ல மாட்டேன்.

ஃபீட்த்ரூ ஸ்டாண்டர்ட் என்ற வகை, தெர்மிஸ்டரையும் ஸ்ப்ளிட்டரையும் ஒரே பெட்டியில் அடைத்து மொத்தமாகக் காலிப்ரேட் செய்தது. டெகாம் தயாரிப்புகள் இந்த வகையில் பெயர் பெற்றவை. ரெஃபரன்ஸைக் கழற்றி மாட்ட வேண்டியதே இல்லை. வரிசையாகச் சென்சாரை மாட்டிக்கொண்டே போகலாம். தினமும் சென்சார் காலிப்ரேட் செய்வதையே தொழிலாக வைத்திருக்கும் கூடத்துக்கு இது சரி. வருடத்துக்குப் பதினைந்து சென்சாருக்காக வாங்குவது பொருத்தமில்லை.

ஃப்ளூக் 96270ஏ போன்ற ரெஃபரன்ஸ் மூலங்கள் இன்னொரு திசை. 27 கிகாஹெர்ட்ஸ் வரை போகும். ஆனால் அதன் உண்மையான பலம் ஸ்பெக்ட்ரம் அனலைசர், ரிசீவர், அட்டெனுவேட்டர் என்று பலவற்றையும் ஒரே கருவியால் காலிப்ரேட் செய்வது. பவர் சென்சாருக்காக மட்டும் அதை வாங்குவதை எந்த மேலாளரிடமும் என்னால் நியாயப்படுத்த முடியாது.

மிச்சம் இருப்பது எல்லாவற்றிலும் எளியது: ஒரு நல்ல தெர்மல் சென்சாரையே ரெஃபரன்ஸாக ஒதுக்கி வைப்பது. ரோடே அண்ட் ஷ்வார்ஸின் என்ஆர்பி18டி மாதிரி டிசி முதல் 18 கிகாஹெர்ட்ஸ் வரை போகும் தெர்மல் சென்சார், அல்லது நல்ல பொருத்தம் கொண்ட ஒரு தெர்மோகப்பிள் சென்சார். தெர்மிஸ்டரைப் போல ஆர்எஃப்புக்கு ஈடாக டிசியைக் குறைத்து அளக்கும் டிசி பதிலீடு இல்லை, உண்மைதான். ஆனால் நாம் ரெஃபரன்ஸையும் சென்சாரையும் ஒரே அளவு பவரில் ஒப்பிடுகிறோம் என்பதால் அது பெரிதாக உறுத்தாது. வெப்பத்தை அளப்பது என்பதால் அலைவடிவம் எதுவானாலும், ஹார்மோனிக்ஸ் கொஞ்சம் கலந்திருந்தாலும், உண்மையான சராசரியைத்தான் சொல்லும். டயோட் சென்சாரைப் போல ஏமாறாது. மேலே போட்ட கணக்கில் ரெஃபரன்ஸின் பங்கு எவ்வளவு சிறியது என்று பார்த்தோம். அந்தச் சிறிய பங்கைக் குறைக்கத் தெர்மிஸ்டரின் பிடிவாதத்தைச் சுமப்பது எதற்கு? என் ஓட்டு தெர்மல் சென்சாருக்கே. அதைத் தனிப் பெட்டியில் பூட்டி வையுங்கள், வேறு வேலைக்கு எடுக்காதீர்கள். தேசிய ஆய்வகத்திலோ, நிச்சயமின்மை உண்மையிலேயே குறைவான அங்கீகாரம் பெற்ற கூடத்திலோ காலிப்ரேட் செய்து வாங்குங்கள். முடிந்தால் ஆள் கையில் கொடுத்து அனுப்புங்கள், கூரியரில் போட வேண்டாம்.

உள்ளே செய்ய முடியாதவை

டயோட் சென்சார்கள் தனிக் கதை. எச்பி 8481டி −70 முதல் −20 டிபிஎம் வரை அளப்பது. அதை ஒரு மில்லிவாட்டில் நேரடியாக ஒப்பிட முடியாது. இடையில் 30 டெசிபல் அட்டெனுவேட்டர் வேண்டும், அந்த அட்டெனுவேட்டரின் நிச்சயமின்மையும் கணக்கில் ஏறும். அகன்ற நெடுக்கம் கொண்ட டயோட் சென்சார்களில் இன்னொரு சிக்கல்: சதுரவிதிப் பகுதியை, அதாவது வெளியீடு ஆற்றலுக்கு நேர்விகிதமாக இருக்கும் சிறிய அளவுகளை, தாண்டிய பிறகு உள்ளே இருக்கும் திருத்த அட்டவணைதான் சென்சாரை நேராக நடத்துகிறது. அதைச் சோதிக்க ஒவ்வொரு அளவிலும் நேர்கோட்டுத்தன்மை அளக்க வேண்டும். கால் ஃபேக்டர் மட்டும் பார்த்துவிட்டு ஸ்டிக்கர் ஒட்டினால் பாதிச் சென்சாரைத்தான் காலிப்ரேட் செய்திருக்கிறோம்.

அதைவிட நடைமுறையில் இடிக்கும் விஷயம் நினைவகம். கால் ஃபேக்டர் உள்ளே பதிந்திருக்கும் சென்சாரில் புதிய மதிப்பை நீங்கள் கண்டுபிடித்துவிட்டாலும், அதை எழுதத் தயாரிப்பாளரின் மென்பொருளும் அனுமதியும் வேண்டியிருக்கலாம். இல்லாவிட்டால் ஒவ்வொரு அளவீட்டிலும் கையால் திருத்தம் போட வேண்டும். அவசர வேலையில் அதை யாரும் போட மாட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

தயாரிப்பாளரின் சர்வீஸ் சென்டர் கூடுதல் செலவுக்கு ஈடுகொடுப்பது இங்கேதான். வந்த நிலையில் அளந்து, சரிசெய்து, நினைவகத்தில் எழுதி, மறுபடி அளந்து தருவார்கள். டயோட், யூஎஸ்பி சென்சார்களை நான் அங்கேயே அனுப்புவேன். பழைய 8481ஏ வகைத் தெர்மோகப்பிள்களை உள்ளேயே பார்த்துக்கொள்ளலாம். மீட்டரில் புதிய அட்டவணையை ஏற்றினால் முடிந்தது.

சென்னையிலும் பெங்களூரிலும் இந்திய அங்கீகார அமைப்பான என்ஏபிஎல்லின் அங்கீகாரம் பெற்ற கூடங்கள் பக்கத்திலேயே இருப்பது வசதி. ஆனால் அங்கீகாரம் என்ற சொல்லோடு நிற்காமல் அவர்களுடைய ஸ்கோப்பை (அங்கீகரிக்கப்பட்ட அளவீடுகளின் பட்டியல்) திறந்து பாருங்கள். ஆர்எஃப் பவர் என்று எழுதி 50 மெகாஹெர்ட்ஸ், ஒரு மில்லிவாட்டோடு முடிந்திருந்தால் உங்கள் 18 கிகாஹெர்ட்ஸ் சென்சாருக்கு அது பயன்படாது. அதில் போட்டிருக்கும் நிச்சயமின்மை அவர்களால் முடிந்த சிறந்தது. உங்கள் சென்சாரின் பிரதிபலிப்பு மோசமாக இருந்தால் சான்றிதழில் வருவது அதைவிடப் பெரிதாக இருக்கும், இருக்கவும் வேண்டும். இரண்டும் ஒரே எண்ணாக, எல்லா அதிர்வெண்ணுக்கும் ஒரே எண்ணாக இருந்தால் கேள்வி கேளுங்கள்.

உள்ளே செய்தால் தணிக்கை இல்லை என்று நினைப்பதும் தவறு. சோதனை, காலிப்ரேஷன் கூடங்களுக்கான ஐஎஸ்ஓ/ஐஇசி 17025:2017 தரத்தின் 6.5 பிரிவு டிரேசபிலிட்டியையும் (அளவீடு தேசிய ஸ்டாண்டர்ட் வரை தொடர்வதைக் காட்டுவது), 7.6 பிரிவு நிச்சயமின்மைக் கணக்கையும் கேட்கின்றன. உள்ளே செய்த காலிப்ரேஷனுக்கும் அதே கேள்விகள்தான் வரும். எழுதப்பட்ட முறை, பயிற்சிப் பதிவு, மென்பொருள் சரிபார்ப்பு, அறை வெப்பநிலைப் பதிவு எல்லாம் மேசைக்கு வர வேண்டும். நிச்சயமின்மைக் கணக்கை எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாதவர்களுக்கு ஐரோப்பிய அங்கீகார அமைப்பின் ஈஏ-4/02 ஆவணத்தில் பவர் சென்சாருக்கென்றே முழு உதாரணம் போட்டுக் காட்டியிருக்கிறார்கள்.

கனெக்டரைப் பற்றிப் பேசாமல் விட முடியாது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பின் ஆழம் பார்க்கும் கேஜ், டார்க் ரெஞ்ச், ஐசோப்ரோப்பில் ஆல்கஹால், பஞ்சுக்குச்சி. இந்த நான்கும் இல்லாத மேசையில் ரெஃபரன்ஸை வெளியே எடுக்காதீர்கள். மையப் பின் துருத்திக்கொண்டிருக்கும் ஒரே ஒரு சென்சார் ரெஃபரன்ஸின் வாயையும் ஸ்ப்ளிட்டரின் வாயையும் சேர்த்துக் கெடுத்துவிடும். வெளியிலிருந்து வரும் எந்தச் சென்சாரையும் முதலில் கேஜில் பார்த்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும். சுற்றும்போது நட்டைத்தான் சுற்ற வேண்டும், சென்சாரின் உடம்பை அல்ல.

என் தீர்ப்பு இது. நெட்வொர்க் அனலைசர் இல்லாத கூடம், எத்தனை சென்சார் இருந்தாலும், எல்லாவற்றையும் வெளியே அனுப்பட்டும். உள்ளே ஒரு தெர்மல் சென்சாரை வைத்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை நான்கைந்து அதிர்வெண்ணில் ஒப்பிட்டு வரைபடம் போட்டு வரட்டும். அதைக் காலிப்ரேஷன் என்று சொல்லக் கூடாது, இடைக்காலச் சரிபார்ப்பு என்று மட்டும் பதிவு செய்ய வேண்டும். சென்சார் ஒன்று பாதியில் நகர்ந்துவிட்டால் அடுத்த சான்றிதழ் வரும்வரை காத்திருக்காமல் பிடித்துவிடலாம். அனலைசரும் பழகிய ஆளும் உள்ள கூடத்தில், தெர்மோகப்பிள் சென்சார்கள் பத்துக்கு மேல் இருந்தால், தெர்மல் ரெஃபரன்ஸும் இரண்டு மின்தடை ஸ்ப்ளிட்டரும் வாங்கி உள்ளேயே தொடங்கலாம். முதல் வருடம் இரண்டு மூன்று சென்சாரை வெளியேயும் அனுப்பி, இரண்டு முடிவுகளின் வித்தியாசம் இருவரின் நிச்சயமின்மைக்குள் அடங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மற்றவற்றுக்கு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். தெர்மிஸ்டர், மற்றவர்களுக்குச் சான்றிதழ் கொடுக்கப் போகும் கூடத்துக்கு.

வெளியே அனுப்பும்போது விலைப்புள்ளி கேட்கும் கடிதத்தில் இவற்றை எழுதிவிடுங்கள்: எந்தெந்த அதிர்வெண்கள், ஒவ்வொன்றிலும் கால் ஃபேக்டரும் அதன் நிச்சயமின்மையும், பிரதிபலிப்புக் கெழு வீச்சும் கட்டமும், வந்த நிலை அளவீடு, டயோட் என்றால் நேர்கோட்டுத்தன்மை. பிரதிபலிப்புக் கெழுவை எழுதாமல் விட்டால் பல இடங்களில் தர மாட்டார்கள், பிறகு கேட்டால் தனிக் கட்டணம். அது இல்லாத சான்றிதழை வைத்துக்கொண்டு மேலே சொன்ன மிஸ்மேட்ச் திருத்தம் எதையும் போட முடியாது.